இரண்டு பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டி

ஓய்வுபெற்ற தொழிலாளர் நல ஆய்வாளரின் வீட்டுக்கு யோசனை கேட்டு வருகிறவர்கள் இரண்டே வகை. வேலை போனவர்கள், வேலை போகப் போகிறவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த பெண் இரண்டிலும் சேரவில்லை. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தாள்.

"எனக்கு வேலை இருக்கு சார். வீட்டுக்காரருக்கும் இருக்கு. அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

ஆய்வாளர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையும் நிமிர்ந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளைக்கு ஆயுள் காப்பீட்டு முகவர் வேலை. நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டாத தொழில் என்பதால் மாமனார் எங்கே கிளம்பினாலும் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிடுவான். துப்பறிவதில் அவனுக்கு இருந்த ஆர்வத்தில் பாதி பாலிசி பிடிப்பதில் இருந்திருந்தால் குடும்பம் எங்கேயோ போயிருக்கும் என்பது அவன் மனைவியின் கருத்து.

அவள் சொன்னது இதுதான். ஊருக்கு வெளியே குடைமிளகாய் பயிரிடும் ஒரு பெரிய பண்ணை. பிளாஸ்டிக் கூரை போட்ட பன்னிரண்டு கூடாரங்கள். காய்கள் எல்லாம் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகின்றன. தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று சான்றிதழ் இருந்தால்தான் அந்தக் கடைகள் வாங்கும். சான்றிதழுக்காக வருடத்துக்கு ஒரு முறை தணிக்கையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவள் நாற்றுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் கணவன் கூடாரங்களுக்குள் பூச்சிமருந்து அடிக்கிறவன். பண்ணையே கொடுத்த ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள்.

"ரெண்டு வருஷமா அவருக்குக் கை நடுங்குது. பார்வை மங்கலா இருக்குங்கறார். சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்த்துக் கொட்டுது. காலையில சட்டைப் பட்டன்கூட நான்தான் போட்டு விடறேன். கம்பெனி டாக்டர் அசதின்னு சொல்லி சத்து மாத்திரை குடுத்துட்டாரு."

பண்ணையின் அறிவிப்புப் பலகையில் சான்றிதழ் விதிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். மருந்து அடிப்பவருக்கு இப்படி அறிகுறி தெரிந்தால் அவரை உடனே மருந்து வேலையிலிருந்து எடுத்து, சம்பளம் குறையாமல் வேறு வேலை தரவேண்டும் என்று அதில் ஒரு வரி. அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாளாம். தணிக்கை போன திங்கட்கிழமை நடந்தது. அதற்கு முந்தைய புதன்கிழமை சாயங்காலம், கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினாள். வியாழக்கிழமை காலை யாரும் வருவதற்கு முன்னால் புகார்ப் பெட்டியில் போட்டாள்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேலாளரிடம், இன்னொன்று தொழிலாளர் பிரதிநிதியிடம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். திங்கட்கிழமை தணிக்கையாளர் முன்னால் திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் குறையே இல்லை என்று மேலாளர் பூரித்துப் போனார். தணிக்கையாளரும் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். அவள் நாற்பது பேருக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள விழுந்த சத்தம் என் காதால கேட்டேன் சார்" என்றாள். "யாருகிட்டயும் மூச்சு விடல. எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க காலைப் பிடிச்சாவது ஏன் எடுத்தேன்னு கேக்கணும். அடுத்த தணிக்கைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் அவரு தாங்க மாட்டாரு."

அவள் பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து ஆய்வாளர் அனுப்பி வைத்தார். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் மாப்பிள்ளை வழக்கை முடித்துவிட்டான்.

"ரெண்டு சாவி, ரெண்டு ஆளு. மேலாளரும் அந்தப் பிரதிநிதியும் கூட்டுச் சேர்ந்து திறந்திருக்காங்க. இதுல என்ன மாமா மர்மம் இருக்கு?"

"இருக்கலாம் மாப்பிள்ளை. பெட்டியைப் பார்த்துட்டுச் சொல்றேனே" என்றார் ஆய்வாளர்.

பண்ணைக்குள் நுழைவது கஷ்டமாக இருக்கவில்லை. ஆய்வாளர் பணியில் இருந்த காலத்தில் மேலாளரை இரண்டொரு முறை கோப்போடு வறுத்தெடுத்திருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த வருடத் தணிக்கைக்கு இப்போதே ஒரு பார்வை பார்த்து யோசனை சொல்கிறேன், காசு வேண்டாம் என்றதும் மேலாளர் குழைந்துபோனார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலிலேயே நின்று வரவேற்றார். இஸ்திரி குலையாத சட்டை, எதற்கெடுத்தாலும் ஒரு கோப்பு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. காகிதத்தில் சரியாக இருந்தால் உலகத்திலும் சரியாக இருக்கும் என்று மனப்பூர்வமாக நம்புகிற ஆள். இந்த மாதிரி மனிதர்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர் ஆய்வாளர். முழுப் பொய்யனிடம்கூட அவருக்கு இவ்வளவு களைப்பு வந்ததில்லை.

பெட்டி, காய்களைத் தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் பெரிய கொட்டகையில் இருந்தது. நீள மேசையின் ஒரே பக்கத்தில் நாற்பது பெண்கள் வரிசையாக நின்று காய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே, பத்தடி தூரத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில் பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி. 'தயங்காமல் எழுதுங்கள். பெயர் தேவையில்லை' என்று வெள்ளை எழுத்து. மேலே கடிதம் போட நாலு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. உள்ளே ஒரு சாண் ஆழம்.

ஆய்வாளர் முதலில் பூட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டின் மேலும் துரு. துருவுக்கு மேல் புதிதாக எண்ணெய் வழிந்திருந்தது.

அன்றைக்குத் திறக்கச் சிரமமாக இருந்ததா என்று கேட்டார். மேலாளர் நெளிந்தார். பத்து நிமிடம் போராடி, எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டித்தான் இரண்டும் திறந்தன என்பதை ஒப்புக்கொண்டார். பக்கத்தில் பதிவேடு தொங்கியது. மாதா மாதம் பெட்டி திறக்கப்பட்டது, புகார் இல்லை என்று பன்னிரண்டு வரி. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கையெழுத்து.

"மாசாமாசம் திறக்கற பூட்டு எப்படிங்க துருப்பிடிக்கும்?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"அது வந்து... மாசாமாசம் எழுதிடுவோம்" என்றார் மேலாளர்.

தொழிலாளர் பிரதிநிதியாக இருந்த பெண்ணை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். அந்த முடிச்சை ஒரு வருடமாக அவிழ்க்கவே இல்லை என்று கூச்சத்தோடு சொன்னாள். மாப்பிள்ளையின் கூட்டுச்சதி அங்கேயே படுத்துவிட்டது. தணிக்கை நாளில் துருவேறிக் கிடந்த பூட்டை அதற்கு நாலு நாள் முன்னால் யாரும் திறந்திருக்க முடியாது. பொய்ப் பதிவேட்டினால் இரண்டு பேர் குற்றமற்றவர்கள் என்று நிரூபணமாவதை ஆய்வாளர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பிளவின் மேல் வைத்தார். தகரத்தின் இரண்டு உதட்டிலும் ஏதோ காய்ந்த பிசின். ஒரே கோடாக இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், பிளவைத் தவறவிட்டு மூடியின் மேல் கொஞ்சம், பெட்டிக்குப் பின்னால் சுவரில்கூட ஒரு தீற்றல். ஏழு இடங்கள் என்று எண்ணினார். பிசினில் வெள்ளையாகப் பொடிப்பொடியாய் ஏதோ ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, தூசி என்றான்.

"தூசிக்கு றெக்கை இருக்குமா மாப்பிள்ளை?" என்று கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார் ஆய்வாளர்.

அதன்பின் மேசையோரம் நடந்து, பெட்டியை யாராவது பயன்படுத்துகிறார்களா, தணிக்கைக்கு முந்தைய வாரம் அதன் பக்கம் யாராவது நின்றார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். முதல் பெண் தலையை நிமிர்த்தாமல், "அந்தப் பக்கம் யாரும் போகல சார்" என்றாள். இரண்டாவது பெண்ணும் அதையே சொன்னாள். ஒன்பதாவது பெண் வரைக்கும் அதே வார்த்தைகள்தான். பத்தாவது பெண்ணிடம் அவர் கேட்கவில்லை.

கொட்டகையிலிருந்து அலுவலக அறைக்குப் போனார்கள். மேலாளர் கோப்புகளை மணப்பெண்ணுக்கு நகை அடுக்குவது போல மேசையில் அடுக்கினார். மருந்து அடிக்கும் இருவரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் மேலே இருந்தன. இரண்டிலும் அளவு சரியாக இருந்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்கூட இரண்டிலும் ஒன்றே. ஆய்வாளர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

அடுத்தது பூச்சிக் கணக்கு. கூடாரங்களுக்குள் வெள்ளை ஈயைப் பிடிக்க, உள்ளங்கை அகலத்தில் பசை தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிடுகிறார்கள். கூடாரத்துக்குப் பத்து அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சனிக்கிழமைதோறும் எட்டு மணிக்கு ஒரு பெண் போய் எந்த அட்டையில் எத்தனை ஈ என்று எண்ணி எழுதுகிறாள். தணிக்கைக்கு முந்தைய சனிக்கிழமைத் தாளை ஆய்வாளர் விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஏழாம் கூடாரத்தில் ஒன்பது அட்டைக்கும் அறுபது, எழுபது என்று எண்கள். பத்தாவது அட்டைக்கு நேரே 'இல்லை' என்று மட்டும் இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை அதே அட்டையில் அறுபத்தொரு ஈ. அந்த மாதம் கிடங்கிலிருந்து புது அட்டை எதுவும் வெளியே போகவில்லை.

கடைசியாக மருந்துப் பதிவேடு. ஏழாம் கூடாரத்தைப் புதன்கிழமை சாயங்காலமே காலி செய்து பூட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை அதிகாலையில் மருந்து. சனிக்கிழமை காலை எட்டு மணி வரை கதவில் சிவப்புக் கொடி. கொடி கட்டியிருக்கும்வரை உள்ளே யாரும் போகக்கூடாது. சாவி மருந்து அடிக்கிறவர்களிடம் மட்டும்தான் இருக்கும்.

மருந்துக் கிடங்கின் வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனை நெட்டை என்று கூப்பிட்டார்கள். ஆறடிக்கு மேல் இருந்தான். தெளிப்பானின் மூக்கில் ஊசித் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். வந்தவர்களைப் பார்த்ததும் அதை வைத்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து சின்ன மூடிகளில் தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இன்னொருவன்தான் அவள் கணவன். நாற்பது வயது இருக்கும், அறுபது சொல்லலாம். சட்டைப் பட்டன் கழுத்துவரை அழகாகப் போட்டிருந்தது. ரப்பர் பூட்ஸின் வார்கள் மட்டும் அவிழ்ந்து தொங்கின. மூடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, குனிந்து வாயை அதனிடம் கொண்டுபோனான். ஆய்வாளர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் நல்லாத்தான் சார் இருக்கேன்" என்றான் அவன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் மேலாளர் எல்லோரையும் கொட்டகையில் கூட்டினார். சார் நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று முன்னால் நிறுத்தினார். மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது. இந்த மாதிரி நேரத்தில்தானே பெயரைச் சொல்வார்கள். மேலாளர், பெரியக்கா, மேசைப் பெண்கள், பூச்சி எண்ணுகிறவள், நெட்டை, கொட்டகை வாசல் தூணில் சாய்ந்து நின்ற அந்த மனிதன், பின்வரிசையில் அவன் மனைவி என்று எல்லோரும் இருந்தார்கள்.

ஆய்வாளர் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார். பெட்டியின் பிளவு அகலமாக இருக்கிறது. உள்பக்கம் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டால் கடிதம் உள்ளே போகும், வெளியே வராது.

"இனிமே உள்ள போட்டதை யாராலயும் எடுக்க முடியாது" என்று அவர் சொன்னபோது, நாற்பது தலையில் ஒன்றுகூடப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தூணில் சாய்ந்திருந்தவன் தன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

மேலாளருக்கு ஒரே சந்தோஷம். உடனே பற்றவைக்கும் ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

பண்ணை வாசலுக்கு வெளியே ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே வரச்சொல்லி ஆய்வாளர் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். சிமென்ட் பெஞ்சு வெயிலில் கொதித்தது. அவள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை நின்றுகொண்டே இருந்தான்.

"பூட்டை யாரும் திறக்கலம்மா" என்று ஆய்வாளர் ஆரம்பித்தார். "கடுதாசி போன வழியிலேயே திரும்பி வந்திருக்கு. பசை அட்டையை நீளமா வெட்டி, பிளவு வழியா உள்ள விட்டு, ஒட்ட வச்சு இழுத்திருக்காங்க. தகரத்துல பசை இருக்கு."

"பசை அட்டை கிடங்குல கட்டுக்கட்டா இருக்கே மாமா. யார் வேணா எடுத்திருக்கலாமே?" என்றான் மாப்பிள்ளை.

"பசையில வெள்ளை ஈ இருந்துது மாப்பிள்ளை. காய் துடைக்கற கொட்டகையில வெள்ளை ஈக்கு என்ன வேலை? புது அட்டையில ஈ இருக்காது. கூடாரத்துல தொங்கின பழைய அட்டைதான் ஈயோட வந்திருக்கு. எண்ணிப் பார்த்ததுல ஏழாம் கூடாரத்துலதான் ஒண்ணு குறையுது. கடுதாசி பெட்டிக்குள்ள விழுந்தது வியாழன் காலையில. அட்டை இல்லைன்னு எழுதினது சனி காலையில. அந்த ரெண்டு நாளும் அங்க சிவப்புக் கொடி."

அவளுக்குக் கூடாரத்து விதிகள் அவரைவிட நன்றாகத் தெரியும். சாப்பாட்டுப் பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெட்டையா என்று கேட்டாள். அவன் அப்படிப்பட்டவன் இல்லையே என்றும் அவளே சொன்னாள்.

"அவன் இல்லம்மா. அவன் ஊசித் துளையில கம்பி விடறவன். அவன் செஞ்சிருந்தா ஒரே தடவையில முடிஞ்சிருக்கும், பசை ஒட்டின அடையாளமே இருக்காது. இது ஏழு தடவை முயற்சி பண்ணின கை. பிளவு எங்க இருக்குன்னு கண்ணுக்குச் சரியாத் தெரியல, தெரிஞ்சாலும் கை அங்க போக மாட்டேங்குது. சுவர் வரைக்கும் பசை."

அவள் முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பார்க்கச் சகிக்காமல் மாப்பிள்ளை சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அன்னிக்கு அவரு தூங்கல" என்றாள் அவள்.

"தூங்கியிருக்க மாட்டார்."

"நான் அவருக்காகத்தானே எழுதினேன்."

ஆய்வாளருக்குப் பதில் தெரியும். பதில் தெரிந்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை என்பதும் தெரியும். இதற்கு முன் மருந்து அடித்தவர் யாராவது நோய்ப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மூன்று வருடத்துக்கு முன் ஒருவனுக்கு இதே நடுக்கம் வந்தது. விதிப்படி அவனை எடுத்துக் களை பிடுங்கப் போட்டார்கள், சம்பளத்தில் கை வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அறை மருந்து அடிக்கிறவருக்கு உரியது என்று சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள். அப்புறம் அவன் வேலைக்கு வருவதே நின்றுபோனது. அவன் இருந்த அறையில்தான் இப்போது அவளும் கணவனும் குடியிருக்கிறார்கள்.

"அதைப் பார்த்தவர்தானே உன் வீட்டுக்காரர். இரத்தப் பரிசோதனையில ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. நெட்டையோட இரத்தத்தையே ரெண்டு தடவை குடுத்திருக்காங்க. அவர் சம்மதம் இல்லாம அது நடந்திருக்காது."

இப்போது மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. அப்படியென்றால் சான்றிதழ் அலுவலகத்துக்கே எல்லாவற்றையும் எழுதிப் போடலாமே என்றான். பெட்டி எதற்கு, துரு எதற்கு, நேராகவே போடலாமே.

"போடலாம். அவங்க வந்து அவரையே கேப்பாங்க. அவர் என்ன சொல்லுவார்னு காலையில நாமளே காதால கேட்டோம்" என்றார் ஆய்வாளர்.

நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்ன குரல் மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. பதவியில் இருந்தபோது மாமனார் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். விரல்களை மடக்கி எண்ணுவது போல இருந்தது.

"ஏழு தடவைன்னா, அவரு கைக்குப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும் சார். கொட்டகையில அவ்வளவு நேரம் நின்னிருக்காரு. மேசையில எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துதானே நிப்பாங்க. ஒருத்தர்கூடவா பார்க்கல?"

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் பார்த்திருக்காங்கம்மா. அதனாலதான் கேட்டவங்க அத்தனை பேரும் அந்தப் பக்கம் யாரும் போகலன்னு ஒரே வார்த்தையா சொன்னாங்க. பார்க்காதவங்க ஆளுக்கொண்ணு சொல்லியிருப்பாங்க."

தூரத்தில் கொட்டகைப் பக்கம் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. தகடு ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். தணிக்கை முடிந்ததிலிருந்து யார் மேலெல்லாமோ சந்தேகப்பட்டு, பெரியக்காவோடு பேசுவதைக்கூட நிறுத்தியிருந்தாள். அத்தனை பேரும் சேர்ந்து அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து அவள் கணவன் விரும்பியபடி பார்க்காதவர்கள் போல இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் அழுதாள். சத்தமில்லாமல், வேலைக்குத் திரும்பிப்போக வேண்டிய நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். அதே கடிதம்தான், மறுபடி எழுதி வைத்திருந்தாள். எடுத்தவரைக் கண்டுபிடித்ததும் மறுபடி போடலாம் என்று இருந்தாளாம்.

"இப்பப் போட்டா யாராலயும் எடுக்க முடியாது, இல்ல சார்?"

"முடியாது."

அவள் அந்த மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேருந்து ஒன்று வந்து, ஏற ஆளில்லாமல் போனது.

"போட்டா அவருக்கு உடம்பு மிஞ்சும். எங்க போய்ப் படுப்பாரு?" என்றாள். கடிதத்தை ஆய்வாளரின் கையில் வைத்தாள். "நீங்க வச்சுக்குங்க சார். நானா சொல்லி அனுப்பற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க."

கணவனிடம் இதைக் கேட்பாயா என்று அவர் கேட்டதற்கு, மாட்டேன் என்றாள். தினமும் காலையில் அவன் முன்னால் நின்று பட்டன் போட வேண்டும், கேட்டுவிட்டால் அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்றாள். மணி அடித்தது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குள் போனாள்.

திரும்பும் வழியில் ஊர் நெருங்கியபோது மாப்பிள்ளை, கண்டுபிடித்தும் ஒன்றும் ஆகவில்லையே மாமா என்றான். தகடு போடச் சொன்னதுதான் தான் செய்த ஒரே காரியம் என்பதில் ஆய்வாளருக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடமும் அவர் செய்தது அந்த மாதிரிக் காரியங்கள்தான். சட்டைப்பையில் கடிதம் மார்பில் உறுத்தியது. அவர் அதைப் பிரித்துப் படிக்கவில்லை.

கடிதம் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளை வந்து, ஏதாவது தகவல் வந்ததா என்று கண்ணாலேயே கேட்பான். அவர் இல்லை என்று தலையாட்டுவார். இரண்டு முறை அவர் தானாகவே பண்ணைப் பக்கம் போய்ப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் வரவில்லை. வாக்குக் கொடுத்தவர் என்பதால் உள்ளே போகவும் இல்லை.

அடுத்த வருடம் தணிக்கை முடிந்த அன்று மாலை மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தித்திப்பு வழிந்தது. புகார்ப் பெட்டிக்கு முழு மதிப்பெண், தகடு வைத்ததைத் தணிக்கையாளர் படமெடுத்துக்கொண்டு போனார், எல்லாம் சாரின் புண்ணியம். இந்தத் தடவை பூட்டுக்கு எண்ணெயும் ஊற்றி வைத்திருந்தார்களாம், சாவி போட்டதும் திறந்துகொண்டது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

மருந்து அடிக்கிற இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஆய்வாளர் கேட்டார்.

"நெட்டை இருக்கான் சார். இன்னொருத்தன் புது ஆளு, போன மாசம்தான் சேர்ந்தான். சின்ன வயசு, கை நல்லா ஓடுது" என்றார் மேலாளர்.

பழையவரும் அவர் மனைவியும் எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, அறையை யாரும் சொல்லாமலே காலி செய்துவிட்டுப் போனார்கள் என்றும், எங்கே என்று பதிவேட்டில் இல்லை என்றும் பதில் வந்தது.

ஆய்வாளர் தொலைபேசியை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். மாப்பிள்ளை எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். இப்போதாவது அனுப்பிவிடலாமே மாமா என்றான். ஆய்வாளர் அந்த மடிப்பைக் கையில் எடுத்து, அதில் யார் பெயரும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்தவனுக்கும் அது அப்படியே பொருந்தும், ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

"அவ சொல்லி அனுப்பல மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்து மூடினார்.